திரைப்படம், தொலைக்காட்சித் துறைகளில் ஒலிப்பொறியாளர் ஆவது எப்படி

ஒலிப்பொறியாளர் ஆக வேண்டும் என்று விரும்புகிறவர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி, எந்த ஒலிப்பொறியாளர் என்பதுதான். ஒரு திரைப்படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ஒலிப் பிரிவின்கீழ் பலருடைய பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் அவர்களில் ஒருவர் செய்யும் வேலையை அடுத்தவர் மறுநாளே ஏற்றுச் செய்துவிட முடியாது. பெரும்பிரிவாகப் பார்த்தால், படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களின் குரலைப் பதிவு செய்வோர் ஒரு சாரார். படம் தொகுக்கப்பட்ட பிறகு வசனம், பின்னணி ஓசைகள், இசை ஆகியவற்றைச் சீரமைத்துக் கலப்போர் மற்றொரு சாரார். செய்தி, விளையாட்டு, விவாத நிகழ்ச்சி போன்றவற்றை நேரலையாக இயக்குவோர் மூன்றாவது சாரார். எந்தப் படிப்பில் சேர்வது, எந்தக் கருவியை வாங்குவது என்பதெல்லாம் இந்தத் தேர்வுக்குப் பிறகுதான் பொருள்பெறும்.

இத்தேர்வைத் திறமையைவிடச் சுபாவமே அதிகம் தீர்மானிக்கிறது. தளத்தில் வேலை செய்பவர் பன்னிரண்டு மணி நேரம் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டு, நாற்பது ஐம்பது பேருக்கு நடுவில், யாருடைய வேலைக்கும் இடைஞ்சல் இல்லாமல் தன் வேலையை முடித்தாக வேண்டும். பின்தயாரிப்பில் இருப்பவர் மூடிய அறையில் தனியாக அமர்ந்து, ஒரே வாக்கியத்தை அரை மணி நேரம் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலிக்காதவராக இருக்க வேண்டும். நேரலையில் இருப்பவருக்கு இரண்டாவது வாய்ப்பே கிடையாது. ஒரு மைக் திடீரென்று நின்றுபோனால், அடுத்த மைக்கைத் திறப்பதா, தொகுப்பாளரைப் பேசச் சொல்வதா என்று ஒரு நொடிக்குள் முடிவெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றுள் எது தமக்குப் பொருந்தும் என்பதை, மூன்றிலும் சில நாட்களாவது உதவியாளராக இருந்து பார்த்து முடிவு செய்வது நல்லது.

மூன்றுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று உண்டு. இசையின்மீதுள்ள ஈடுபாட்டால் இத்துறைக்கு வருகிறவர்கள் பலர், இசையைக் கலப்பதே தங்கள் வேலையாக இருக்கும் என்று எண்ணி வருகிறார்கள். உண்மையில் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் ஒலிப்பொறியாளரின் நேரத்தில் பெரும்பகுதி மனிதப் பேச்சுக்கே செலவாகிறது. ஒரு வரி தெளிவாகக் கேட்காவிட்டால் பார்வையாளர் கதையையே தவறவிடுகிறார். ஆகவே பேச்சைத் தெளிவாகப் பிடிப்பதையும் காப்பாற்றுவதையும் முதலில் கற்றுக்கொண்டவருக்கே வேலை தொடர்ந்து கிடைக்கிறது.

பேச்சின் தெளிவு பெரும்பாலும் மெய்யெழுத்துகளில் இருக்கிறது. உயிரொலிகளின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் திரண்டிருக்க, சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மை ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகிறது. காற்றின் உறுமலும் வாகனங்களின் அதிர்வும் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கின்றன. இதைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, காதால் அடையாளம் காணப் பழக வேண்டும். ஒரு குரல் பதிவை எடுத்து, சமன்படுத்தியில் (அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில்) ஒவ்வொரு பகுதியாகக் குறைத்தும் கூட்டியும் கேட்டால், எங்கே மூக்கடைத்த தன்மை பிறக்கிறது, எங்கே ‘ச’கர ஒலி கீச்சிடுகிறது என்பது சில வாரங்களில் பிடிபடும்.

அதைவிடப் பயனுள்ள இன்னொரு பயிற்சி தூரத்தைப் பற்றியது. திறந்தவெளியில் பேசுபவருக்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரு மடங்கானால் நேரடிக் குரல் 6 டெசிபெல் குறைகிறது. அறைக்குள்ளோ, நேரடிக் குரல் குறைந்தாலும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால்தான் தொலைவில் வைத்த மைக்கில் பதிவான குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. ஒருவரைப் பேசச் சொல்லி 30, 60, 120 சென்டிமீட்டர் தூரங்களில் ஒரே மைக்கால் பதிவு செய்து, மூன்றின் உரப்பையும் சமமாக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பிறகு அதையே ஓடு பதித்த அறையிலும் திரைச்சீலை தொங்கும் அறையிலும் செய்யுங்கள். எவ்வளவு விலையுயர்ந்த மைக்கும் தூரத்தை ஈடுகட்டாது என்பதை இந்தப் பயிற்சி காதுக்கே உணர்த்திவிடும்.

மைக் வகைகளைப் பற்றிய அறிவும் இதே வழியில் வளர வேண்டும். நீண்ட குழல் வடிவ ஷாட்கன் மைக் திறந்தவெளியில் சிறப்பாகப் பணிபுரியும். தாழ்ந்த கூரையும் கெட்டியான சுவர்களும் உள்ள அறைக்குள் அது பக்கவாட்டு எதிரொலிகளைச் சீரற்ற முறையில் பிடித்துக் குரலின் நிறத்தைக் கெடுத்துவிடும் என்பதால், அங்கே முன்னாலிருந்து வரும் ஒலியையே பெரிதும் பிடிக்கும் குட்டையான ஹைப்பர்கார்டியாய்ட் மைக்கைப் பயன்படுத்துவதே வழக்கம். ஆடைக்குள் மறைத்து வைக்கும் சிறிய லேப்பல் மைக் நெருக்கத்தைத் தரும், ஆனால் துணி உரசும் ஓசையையும் சேர்த்தே தரும். எந்தத் துணி உரசும், எந்த இடத்தில் ஒட்டினால் அடங்கும் என்பது கைப்பழக்கத்தால் மட்டுமே வருகிறது.

எண்ணியல் அளவுகளில் குழப்பத்துக்கு இடமில்லை. திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நிலைபெற்ற வழக்கம் 48 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு 48,000 முறை அளத்தல்), 24 பிட் (ஒவ்வோர் அளவின் நுணுக்கம்). சாதாரணப் பேச்சை அளவுகோலின் உச்சமான பூஜ்யத்திலிருந்து ஏறத்தாழ 20 டெசிபெல் கீழே வைத்துக்கொண்டால், திடீர்க் கூச்சலுக்கு இடம் இருக்கும். பூஜ்யத்தைத் தாண்டிய ஒலி வெட்டுப்பட்டுப் போகும், அதை முழுமையாக மீட்க முடியாது. மிக விரிந்த ஒலி வரம்பை ஏற்கும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் கருவிகள் இந்தக் கவலையைப் பெருமளவு தீர்க்கின்றன என்றாலும், மைக்கிலேயே அல்லது வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரிலேயே சிதைந்துபோன ஒலியை அவற்றாலும் சரிசெய்ய இயலாது. இதை அறியாமல் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, கவனிப்பதையே விட்டுவிடும் புதியவர்கள் பெருகிவருகிறார்கள்.

கல்வியைப் பொறுத்தவரை, ஒலிப்பொறியியல் பட்டம் உதவும், ஆனால் அது வேலைக்கான நுழைவுச்சீட்டு அன்று. ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்குள்ள கலவை மேசையின் பிரம்மாண்டத்தைப் பார்க்காமல், மாணவர் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் தாமே கருவியைத் தொட்டு வேலை செய்ய முடியும், கற்பிப்பவர்கள் இன்னும் துறையில் பணிபுரிகிறார்களா, இயக்கமும் ஒளிப்பதிவும் படிக்கும் மாணவர்களோடு சேர்ந்து குறும்படம் எடுக்க வாய்ப்பு உண்டா என்று விசாரியுங்கள். கடைசியாகச் சொன்னதே என் கணிப்பில் முதன்மையானது, ஏனெனில் பின்னாளில் வேலைக்கு அழைக்கப்போவது பெரும்பாலும் உடன்படித்த அந்த இயக்குநர்களும் தயாரிப்பாளர்களும்தான். படிப்பில் சேர வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மாணவர் குறும்படங்களுக்கு ஒலிப்பதிவாளர் எப்போதுமே பற்றாக்குறை. ஒளிப்பதிவு செய்யப் பத்துப் பேர் முன்வருமிடத்தில் பூம் (நீண்ட கம்பின் நுனியில் பொருத்திய மைக்) பிடிக்க ஒருவர்கூட வருவதில்லை.

தளத்தில் நுழைவோர் வழக்கமாக ஒலி உதவியாளராகத் தொடங்கி, பூம் இயக்குபவராகி, பிறகு ஒலிப்பதிவாளராக உயர்கிறார்கள். உதவியாளர் கேபிள் சுருட்டுவதும் மின்கலம் மாற்றுவதும் அற்பமான வேலைகள் அல்ல. புதிய மின்கலத்தையும் தீர்ந்த மின்கலத்தையும் ஒரே பையில் போடும் ஒருவரால் ஒரு முழுக் காட்சியே வீணாகிவிடக்கூடும்.

பூம் இயக்குவது இத்துறையில் மிகக் குறைவாக மதிக்கப்படும் மிகக் கடினமான கலை என்று நான் கருதுகிறேன். பூம் இயக்குபவர் வசனத்தை ஏறக்குறைய மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அடுத்து யார் பேசப்போகிறார் என்பதை அறிந்து, அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே மைக்கை அவர் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். எந்த லென்ஸ் போடப்பட்டிருக்கிறது, சட்டகத்தின் மேல்விளிம்பு எங்கே முடிகிறது, எந்த விளக்கு பூமின் நிழலைச் சுவரில் வீழ்த்தும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். ஒத்திகையின்போது ஒளிப்பதிவு உதவியாளரிடம் சட்டகத்தின் எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மைக்கை முதலில் சட்டகத்துக்குள் இறக்கி, பிறகு அது மறையும்வரை மெல்ல உயர்த்தி நிறுத்துவது நல்ல வழக்கம். மேலிருந்து பயந்து பயந்து இறக்குபவர் எப்போதும் தேவையைவிட உயரத்திலேயே நின்றுவிடுவார். கைகளைத் தலைக்கு மேல் நேராக வைத்து, முழங்கையைப் பூட்டி நிற்கப் பழகினால் தோள்வலி குறையும்.

படப்பிடிப்பு தொடங்குமுன் ஒலிப்பதிவாளர் செய்ய வேண்டிய இரண்டு காரியங்களைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். முதலாவது, படப்பிடிப்பு நடக்கவுள்ள இடத்தைப் போய்ப் பார்ப்பது. அதுவும் படப்பிடிப்பு நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அமைதியாக இருக்கும் தெரு திங்கள்கிழமை மாலையில் வேறாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, ஏசி இவற்றை யாரிடம் சொல்லி நிறுத்துவது, ஜெனரேட்டரை எங்கே நிறுத்தச் சொல்வது என்பதை அன்றே பேசி முடித்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தும்போது தம் வாகனச் சாவியை அதற்குள் வைத்துவிடும் பழக்கம் ஒலிப்பதிவாளர்களிடையே உண்டு. சாவியைத் தேடும்போதாவது பெட்டியைத் திரும்ப இயக்க நினைவு வரும்.

இரண்டாவது, ஒளிப்பதிவுக் குழுவோடும் படத்தொகுப்பாளரோடும் ஃபிரேம் வேகத்தையும் டைம்கோடையும் (படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும் நேரக் குறியீட்டையும்) எழுத்தில் உறுதிசெய்வது. நொடிக்கு 24 ஃபிரேம் என்று வாயால் சொல்லிவிட்டு, கேமராவை 23.976இல் ஓட்டுவது சர்வசாதாரணம். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும், ஒரு மணி நேரப் பதிவில் அது 3.6 நொடியாக வளர்கிறது. உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடையே அரை நொடி விலகலே பார்க்கச் சகிக்காது. டைம்கோடு இணைந்திருந்தாலும் கிளாப் போர்டை விட்டுவிடாதீர்கள், அது எந்தக் கருவி பழுதானாலும் காப்பாற்றும்.

தளத்தில் பேசும் முறை தனியாகக் கற்க வேண்டியது. ஒரு டேக்கில் விமான ஓசை புகுந்துவிட்டால், அதை நடிகரின் நடுவசனத்தில் சொல்லி நிறுத்தாமல், இயக்குநர் ‘கட்’ சொன்ன பிறகு, உதவி இயக்குநர் மூலமாகவோ நேரடியாகவோ, எந்த வரியில் எந்த ஓசை விழுந்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘சவுண்ட் சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்பவரின் பேச்சை நாளடைவில் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். மறுபடி எடுக்க நேரமில்லை என்றால், கேமரா இல்லாமல் அந்த வரியை மட்டும் அதே இடத்தில், அதே மனநிலையில் நடிகரைப் பேசச் சொல்லிப் பதிவுசெய்யக் கேளுங்கள். ஒவ்வொரு இடத்திலும், எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, குறைந்தது 30 நொடி அந்த அறையின் வெற்று அமைதியையும் பதிவு செய்ய வேண்டும். ரூம் டோன் எனப்படும் இந்த அமைதி இல்லாவிட்டால், வசனங்களுக்கு இடையிலான வெட்டுகளைத் தொகுப்பவர் எதைக்கொண்டு நிரப்புவார்? அன்றைய பதிவுகள் இரண்டு வெவ்வேறு சேமிப்புகளில் இருக்கின்றன என்பதையும், மறுமுனையில் படத்தொகுப்புக் குழுவினர் அவற்றைத் திறந்து சரிபார்த்துவிட்டார்கள் என்பதையும் உறுதிசெய்யாமல் கார்டை அழிக்கக் கூடாது.

பின்தயாரிப்புக்குள் நுழைவோருக்கு வழி சற்று வேறு. அங்கே முதல் வேலை பெரும்பாலும் ஒலித்தொகுப்பு உதவியாளர் பணியே. படத்தொகுப்பாளர் அனுப்பும் ஏ.ஏ.எஃப். கோப்பை (தொகுத்த ஒலித்தடங்களை வேறு மென்பொருளுக்குக் கொண்டுசெல்லும் கோப்பை)த் திறந்து, எந்த மைக்கின் பதிவு எந்தத் தடத்தில் வந்திருக்கிறது என்று பிரித்து, ஒத்திசைவைச் சரிபார்த்து, படத்தில் இயக்குநர் ஒவ்வொரு முறை மாற்றம் செய்யும்போதும் எல்லாத் தடங்களையும் அந்த மாற்றத்துக்கேற்ப மறுபடி அடுக்கும் பொறுமையான வேலை அது. புரோ டூல்ஸ் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் விசைப்பலகைக் குறுக்குவழிகளைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கும் அளவுக்குத் தேர்ச்சி இருந்தால் வேலை கிடைக்கும். கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயரிடும் பழக்கம் இருந்தால் அந்த வேலை நிலைக்கும்.

அடுத்த படியாக வசனத் தொகுப்பைக் கற்றுக்கொள்ளுமாறு பரிந்துரைப்பேன். வெடிச்சத்தமும் விண்கலச் சத்தமும் உருவாக்க ஆசைப்படுவோர் எண்ணற்றோர் இருக்க, ஒரு டேக்கின் கெட்டுப்போன அசையை மற்றொரு டேக்கிலிருந்து எடுத்து யாரும் அறியாமல் பொருத்தக்கூடியவர்கள் மிகச் சிலரே. இயந்திரக் கற்றல் அடிப்படையிலான இரைச்சல் நீக்கிகள் இப்போது வியக்கத்தக்க அளவுக்கு முன்னேறியிருக்கின்றன. ஆயினும் அளவுக்கு மீறி அழுத்தினால் குரலின் மூச்சும் வாக்கியத்தின் வால்பகுதியும் சேர்ந்து அழிந்துவிடும், எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். எந்த வரிக்கு டப்பிங் அவசியம், எந்த வரியைத் தளப்பதிவிலேயே காப்பாற்றலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பும் வசனத் தொகுப்பாளரிடமே வருகிறது. காலடி, ஆடை, கைபடும் பொருள்கள் ஆகியவற்றின் ஓசையைப் படத்தைப் பார்த்தபடி நிகழ்த்திப் பதிவு செய்யும் ஃபோலி, வேற்றுமொழி வெளியீட்டுக்காக வசனம் நீக்கி இசையும் ஓசைகளும் மட்டும் கொண்ட தனித்தடம் தயாரித்தல் முதலியன இதன் அண்டை வேலைகள்.

இறுதிக் கலவைக்கு வருகிறவர் அறையின் அளவீட்டை அறிந்திருக்க வேண்டும். திரையரங்குக்கான கலவை அறையில், முன் ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சோதனை ஒலியில் 85 டெசிபெல் தரும்படி சமன்செய்யப்படுகிறது. சிறிய அறைகளில் இதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். தொலைக்காட்சிக்கோ ஒப்படைப்பு விதிகள் எண்களாகவே வருகின்றன. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வெளியிட்ட ஆர் 128 பரிந்துரை நிகழ்ச்சியின் சராசரி உரப்பை மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) என்று நிர்ணயிக்கிறது, அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஏ/85 வழிகாட்டல் மைனஸ் 24 என்கிறது, நெட்ஃப்ளிக்ஸ் வசனப் பகுதிகளை மட்டும் அளந்து மைனஸ் 27 கேட்கிறது. எனவே கலவை தொடங்குமுன்பே ஒப்படைப்பு ஆவணத்தை வாங்கிப் படித்துவிட வேண்டும். 2012இல் அறிமுகமான, ஒலியைச் சுற்றிலும் தலைக்கு மேலும் பரப்பும் டால்பி அட்மாஸ் முறை 128 ஒலித்தடங்கள் வரை ஏற்கிறது. எனினும் அதிலும் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னாலுள்ள நடு ஒலிபெருக்கியிலிருந்துதான் வருகிறது.

நேரலையில் கற்க வேண்டியவற்றுள் முதன்மையானது ‘மிக்ஸ் மைனஸ்’. தொலைவிலிருந்து பேசும் நிருபரின் காதுக்கு நிகழ்ச்சியின் முழு ஒலியையும் அனுப்பினால், அவருடைய குரலே தாமதமாக அவருக்குத் திரும்பக் கேட்டு நாக்கு குழறும். புவிநிலைச் செயற்கைக்கோள் பூமியிலிருந்து ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், சமிக்ஞை ஒருமுறை மேலே போய்க் கீழே வருவதற்கே கால் நொடி ஆகிறது. இணையவழி இணைப்புகளிலும் தாமதம் உண்டு. ஆகவே அவருக்கு அனுப்பும் ஒலியிலிருந்து அவர் குரலை மட்டும் கழித்துவிட்டு மற்றவற்றை அனுப்புகிறோம். நான்கு ஊர்களிலிருந்து நால்வர் கலந்துகொள்ளும் விவாதத்தில் நான்கு வெவ்வேறு கழித்தல் கலவைகள் தேவைப்படும், அவற்றைத் தாளில் வரைந்து சரிபார்க்காமல் மேசையின் முன் அமரக் கூடாது. தொகுப்பாளருக்கு இரண்டு லேப்பல் மைக்குகள் பொருத்துவது வீண்செலவாகத் தோன்றலாம். ஒன்று செயலிழக்கும் நாளில் அது தோன்றாது. மைக் பொருத்தும்போது விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்பது ஒலி உதவியாளரின் அடிப்படை மரியாதை.

வருமானத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். தொலைக்காட்சி நிலையங்களில் மாதச் சம்பளப் பணிகள் உண்டு. திரைப்படத்தில் பெரும்பாலோர் படத்துக்குப் படம், நாளுக்கு நாள் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார்கள். உழைப்புக்கான நாள் ஊதியத்தையும் சொந்தக் கருவிக்கான வாடகையையும் எப்போதும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னால், பேரத்தில் முதலில் அடிபடுவது உங்கள் உழைப்பாகத்தான் இருக்கும். ஒரு நாள் என்பது எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் என்ன கணக்கு, கருவி சேதமானால் யார் பொறுப்பு, பெயர்ப் பட்டியலில் எந்தப் பதவியின்கீழ் பெயர் வரும் என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கருவிகள் வாங்குவதில் நிதானம் தேவை. முதலில் நல்ல மூடிய ஹெட்போன், அடுத்துத் தரமான பூம் மைக்கும் கம்பும் காற்றுத்தடுப்பும், பிறகு ரெக்கார்டர், கடைசியாக வயர்லெஸ் என்ற வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. நல்ல மைக் பல பத்தாண்டுகள் உழைக்கும். ரெக்கார்டரும் மென்பொருளும் விரைவில் பழையதாகிவிடும். வயர்லெஸ் கருவிகளுக்கு நாட்டுக்கு நாடு அலைவரிசை விதிகள் மாறுவதால், ஓரிடத்தில் சட்டப்படி பயன்படுத்தும் கருவி மற்றோரிடத்தில் தடைசெய்யப்பட்டதாக இருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் சொந்தமாக வாங்கும்வரை, தேவைப்படும் நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

காதைக் காப்பதும் தொழிலின் ஒரு பகுதி. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் 85 டெசிபெல் ஒலியில் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது, ஆகவே 88இல் 4 மணி நேரமும் 100இல் வெறும் 15 நிமிடமும்தான் பாதுகாப்பானவை. ஹெட்போனின் ஒலியளவை நாளின் தொடக்கத்தில் நிர்ணயித்துவிட்டு, களைப்பு ஏற ஏற அதைக் கூட்டாமல் இருக்கப் பழக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை செவிப்பரிசோதனை செய்து அந்த வரைபடத்தைப் பாதுகாத்து வைத்தால், உயர் அதிர்வெண்களில் இழப்பு தொடங்கும்போதே தெரிந்துவிடும்.

வேலை தேடிச் செல்லும்போது நீளமான தொகுப்புக் காணொளியைவிட, இரண்டு நிமிடக் காட்சி ஒன்றின் மூலப்பதிவையும் முடிவு பெற்ற வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்வது அதிகம் பேசும். அக்காட்சியில் நீங்கள் எதைச் செய்தீர்கள், எதை வேறொருவர் செய்தார் என்பதை ஒளிவுமறைவின்றி எழுதிவிடுங்கள்; இத்துறையில் ஒருவரையொருவர் அறியாதவர்கள் குறைவு. ஏற்கெனவே துறையில் இருக்கும் ஒலிப்பதிவாளரிடம் நேராக வாய்ப்புக் கேட்பதைவிட, ஒரு நாள் உடன் நின்று பார்க்க அனுமதி கேட்டால் கதவு எளிதில் திறக்கும், அந்த ஒரு நாளில் கேபிளைச் சரியாகச் சுருட்டி, நேரத்துக்கு வந்து, டேக் ஓடும்போது அசையாமல் நின்றவரையே அடுத்த படத்துக்கு ஆள் தேவைப்படும்போது அழைக்கிறார்கள்.